லக்ஷனுக்கு ஒரு கிளாஸ்

அத்தியாயம் 17

லக்ஷனை ஏன் சாகவிட்டாய் என்று கேட்டு இந்தக் கிழமை எனக்கு வந்த திட்டுகளை வாசித்து முடிக்கவே நேரம் போதவில்லை. முப்பத்தொரு வயதுப் பிள்ளையை, கலியாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையை, நித்திரையிலேயே கொண்டுபோனது நியாயமா என்கிறீர்கள். நியாயம் இல்லைதான். எனக்கும் அந்தப் பொடியனைப் பிடித்திருந்தது. ஆனால் சாவு ஆரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

இடையில் சேர்ந்துகொண்டவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. சுவிசில் வில் என்ற நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை செய்யும் இராஜசிங்கத்தின் மூத்த மகன் லக்ஷன். எம்மன்புரூக்கே என்ற ஊரில் எலேனாவோடு ஒரே வீட்டில் இருந்தான். எலேனா மன்னார் நோபேட்டின் மகள், வேதக்காரப் பிள்ளை, அதாவது கிறிஸ்தவப் பிள்ளை. சம்பந்தம் பேச வந்த நோபேட்டை இராஜசிங்கம் வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து தகப்பனும் மகனும் இரண்டு வருஷம் கதைக்கவில்லை.

பிறவியிலேயே இதயத்தில் இருந்த குறை என்று டொக்டர் சொன்னார். சனம் குடி என்றது. லக்ஷன் தன் வீட்டுக் குசினியில் விதம்விதமாகக் குடிவகை கலந்து, படம் எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தவன் அல்லவா? சனத்துக்கு அது போதும். இராஜசிங்கம் டொக்டரை விட்டுவிட்டுச் சனத்தை நம்பினார்.

இன்றைக்கு எட்டுச் செலவு. சுவிசில் எட்டாம் நாள் என்பது லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வரும், அதை விடுங்கள். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் மீனும் இறைச்சியுமாக மச்சத்தோடு சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே இருப்பார்கள். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று.

காலையிலிருந்தே செல்வராணி அடுப்படியில் நின்றாள். நண்டுக்கறி, ஆட்டிறைச்சி, கணவாய்ப் பிரட்டல். ஒன்றையும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக்கூடாது. முதல் வாய் போனவருக்கு.

பின்னேரம் இராஜசிங்கம் ஒரு விஸ்கிப் போத்திலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உதென்ன?" என்று கேட்டாள் செல்வராணி.

"குடிகாரனுக்குக் குடி வைக்காமல் வேற என்னத்தை வைக்கிறது? படத்துக்கு முன்னால வையும்."

"அவன் விஸ்கி குடிக்கிறேல்லை."

"எல்லாம் ஒண்டுதான். ஆரைக் கொண்டு பிறந்தவனோ தெரியாது. எங்கட பரம்பரையிலேயே உப்பிடி ஒருத்தன் இல்லை."

அந்த மனுசனுக்கு மகன் செத்த துக்கம் கோபமாகத்தான் வெளியில் வந்தது. அழத் தெரியாத ஆம்பிளையளோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இராஜசிங்கத்தின் நாக்கு ஊரறிந்த நாக்கு. முதியோர் இல்லத்தில் பெரிய சமையற்காரனே இவருடைய கரண்டிக்குக் காட்டாமல் இறைச்சிக்கு ஊற்றும் சோஸை வெளியே அனுப்பமாட்டான். வெள்ளை வைன் ஊற்றிக் கொதிக்கவைத்த சோஸை நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி, இன்னது காணாது என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். முப்பத்துமூன்று வருஷமாகச் செல்வராணி வைத்த கறி ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது ஒரே வசனம்: "ஏதோ ஒண்டு குறையுது." அவளும் "உங்கட வாய்க்கு அந்த இந்திரன் வந்து சமைச்சாலும் குறையும்" என்று சொல்லிவிட்டு அகப்பையைக் கழுவப் போய்விடுவாள்.

வேலையிடத்தில் வைனை நாக்கில் வைத்தால் அது தொழில். மகன் நாக்கில் வைத்தால் அது குடி. நல்ல நியாயம்!

செல்வராணி போத்திலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கணவருக்குத் தெரியாமல், சூரிச்சுக்குச் சாமான் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, மகள் வேணுகாவோடு எம்மன்புரூக்கேக்குப் போய் வந்தவள் அவள். அங்கே லக்ஷன் சாராயம் விடாமல் அவளுக்கு ஒரு கிளாஸ் கலந்து கொடுத்தான். புளியும் பனங்கட்டியும் சேர்ந்த ஏதோ ஒன்று.

"அம்மா, நாக்கில வச்சிட்டு உண்மையைச் சொல்லுங்கோ."

"நல்லாயிருக்கடா."

"நீங்கள் எல்லாத்தையும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவியள்," என்று சிரித்தான். "அப்பாதான் உண்மை சொல்லுவார்."

அந்தக் கிளாஸை வைக்காவிட்டால், வேறு என்ன வைத்தாலும் பிள்ளை வந்து பார்த்துவிட்டு வாய் நனைக்காமல் போய்விடுவான் என்று அவளுக்கு விடியும்போதே பட்டிருந்தது. அதனால்தான், காலையில் இராஜசிங்கம் வாழையிலை எடுக்கப் போன நேரம் அவள் எலேனாவுக்குப் போன் அடித்திருந்தாள்.

"பிள்ளை, அவன்ர சாமானுகளை எடுத்துக்கொண்டு இஞ்ச வாரும். எனக்கு அதைக் கலக்கத் தெரியாது."

"வாறன் அன்ரி," என்றாள் எலேனா.

வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள்கூடத் தெரியாத நேரத்தில் மணி அடித்தது. வேணுகா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கறுப்புக் கோட்டோடு எலேனா நின்றாள். கையில் இருந்த பையில் கண்ணாடிகள் முட்டிச் சத்தம் கேட்டது.

செத்தவீட்டன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்ற பிள்ளை. ஒருவரும் முன்னுக்கு வா என்று கூப்பிடவில்லை. இந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தரம்.

"ஆரிது?" என்றாள் பேர்ண் மாமி. இராஜசிங்கத்தின் அக்கா; பேர்ண் நகரத்தில் இருப்பதால் வேணுகாவுக்குப் பேர்ண் மாமி. ஆரென்று தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

இராஜசிங்கம் நடையில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"நான்தான் கூப்பிட்டனான்," என்றாள் செல்வராணி. "அவனுக்கு அவன்ரதை வைக்கப்போறன். உங்கட விஸ்கியும் ஒரு பக்கத்தில இருக்கட்டும்."

"செய்யிறதைச் செய்யுங்கோ. என்னை ஆர் கேக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவர் ஹோலுக்குள் போய்க் கதிரையில் இருந்தார். கதவைச் சாத்தவில்லை.

எலேனா குசினியில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். கலக்கிற ஷேக்கர், அளவுக்கிண்ணம், பேரிக்காய்ச் சாராயம், பனங்கட்டிப் பாணி, பிழிய இரண்டு தேசிக்காய். கடைசியாக ஒரு சின்னப் போத்திலில் மண்ணிறமாக ஏதோ.

"இது லக்ஷன் கரைச்சு வச்ச புளி, அன்ரி. பிரிட்ஜுக்குள்ள இருந்தது. கொட்ட மனம் வரேல்லை."

செல்வராணி போத்திலை வாங்கி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவனுடைய விரல் பிழிந்த புளி. அவளால் அதைத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பேர்ண் மாமிக்கு வாய் சும்மா இருக்காது. "உங்கட வீட்டில அலுமாரி நிறையப் போத்திலாமே. அவ்வளவும் அவன் குடிச்சதோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. நாக்கில வச்சுப் பாத்திட்டு சிங்கில துப்பிடுவார். ஒரு கிளாஸை முழுசா முடிச்சு நான் பாக்கேல்லை. வாற ஆக்களுக்குத்தான் குடுக்கிறது. அவருக்கு அந்த ருசியைப் பிடிக்கிறதுதான் வேலை." எலேனா தேசிக்காயை வெட்டினாள். "மற்றதெல்லாம் சரிவந்திட்டுது. இந்த ஒண்டுதான் ரெண்டு வருசமாச் சரிவரேல்லை. ஏதோ ஒண்டு குறையுது, ஏதோ ஒண்டு குறையுது எண்டு திருப்பித் திருப்பிக் கலப்பார்."

செல்வராணி அப்படியே நின்றுவிட்டாள். அந்த வசனத்தை இந்த வீட்டில் தெரியாதவர் யார்?

"தன்ர அப்பா ஒருக்கா நாக்கில வச்சாரெண்டால் உடன கண்டுபிடிச்சிடுவார் எண்டு சொல்லுவார். கலியாணத்தண்டு முதல் கிளாஸ் அப்பாவுக்கு எண்டு..." அவள் வெட்டிய தேசிக்காயை எடுத்துப் பிழிந்தாள்.

ஹோலில் கதிரை அசைகிற சத்தம் கேட்டது.

எலேனா ஐஸைப் போட்டு ஷேக்கரைக் குலுக்கினாள். செத்தவீட்டுக்குள் அந்தச் சத்தம் குழந்தைப்பிள்ளையின் கிலுகிலுப்பை மாதிரிக் கேட்டது. வேணுகா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிளாஸில் வார்த்து, ஒரு சின்னக் குழாயைத் தோய்த்து, மேல் நுனியை விரலால் அடைத்து, ஒரு துளியை எடுத்து எலேனா வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஐயோ, எச்சில்!" பேர்ண் மாமி கையைப் பிடித்துவிட்டாள். "என்ன செய்யிறாய் பிள்ளை?"

"ருசி பாக்காமல் ஆருக்கும் குடுக்கக்கூடாது அன்ரி. லக்ஷன் ஒருநாளும் குடுக்கமாட்டார். புளி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்."

"படையலுக்கு ருசி பாக்கிறேல்லை. உங்கட ஆக்களுக்கு உது தெரியாது. நான் விடியவெள்ளன எழும்பி அரியதரப் பலகாரம் சுட்டனான், ஒரு பொருக்கு வாயில வைக்கேல்லை. நான் தூக்கித் திரிஞ்ச பிள்ளை அவன். முதல் வாய் அவனுக்கடி." சொல்லும்போதே மாமிக்கும் கண் நிறைந்துவிட்டது. பொல்லாத மனுசி அல்ல, பாவம். அவளுக்குத் தெரிந்த பாசம் அதுதான்.

எலேனா கிளாஸைச் சிங்கில் ஊற்றிக் கழுவினாள். இரண்டாம் தரம் கலந்தாள். இந்த முறை குழாயைத் தொடவில்லை. சரியோ பிழையோ தெரியாத ஒரு கிளாஸை, தன் வாழ்க்கையில் முதல் தரமாக, அவள் லக்ஷனுக்குக் கொடுத்தாள்.

படத்துக்கு முன்னால் வாழையிலை. சோறு, கறி, அரியதரம், விஸ்கிப் போத்தில், பக்கத்தில் அந்தக் கிளாஸ். கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு எல்லோரும் வெளியே வர, இராஜசிங்கம் அறைக்கதவைச் சாத்தினார்.

நடையில், சப்பாத்து வைக்கிற பெட்டியின்மேல் இராஜசிங்கம் குந்தியிருந்தார். மேல்மாடிக்கு லிப்ட் போகிற சத்தம் கேட்டது. எலேனா செத்தவீட்டன்று நின்ற மாதிரியே வாசற்கதவோரம் ஒதுங்கி நின்றாள். செல்வராணி எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் பக்கத்தில் இருத்தினாள். இராஜசிங்கம் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார்.

பிறகு கதவைத் தட்டித் திறந்தார்கள். வைத்தது வைத்தபடி இருந்தது. ஐஸ் கரைந்து, கிளாஸைச் சுற்றி வேர்த்திருந்தது. படத்தில் லக்ஷன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வேணுகா இலையை எடுக்கக் குனிந்தபோது இராஜசிங்கம் முந்திக்கொண்டு கிளாஸைத் தூக்கினார். கொண்டுபோய் ஊற்றப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "அப்பா, வேண்டாம்..." என்றாள் வேணுகா.

அவர் ஊற்றவில்லை. வாயில் ஒரு மிடறு வைத்தார். விழுங்காமல் நாக்கில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வேலையிடத்தில் செய்கிற அதே மாதிரி.

"புளி பச்சையாக் கிடக்கு," என்றார்.

எலேனா நிமிர்ந்தாள். "என்ன அங்கிள்?"

"பச்சைப்புளி வாடை அடிக்குது. தண்ணியில கரைச்சபடி விட்டிருக்கிறான். ஒரு கொதி காட்டவேணும். கொஞ்சம் உப்பைப் போட்டு ஒரேயொரு கொதி. மற்றதெல்லாம்..." நிறுத்தினார். இன்னொரு மிடறு வைத்தார். "மற்றதெல்லாம் திறமாச் செய்திருக்கிறான்."

எலேனா ஒரு எட்டு முன்னுக்கு வந்தாள். "அதுதான் அங்கிள். அதுதான் குறைஞ்சது. ரெண்டு வருசமா அவர் தேடினது அதைத்தான்."

"உதுக்கு ரெண்டு வருசமோ? ஒரு போன் அடிச்சுக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே!"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. லக்ஷன் போன் அடித்தான். பிறந்தநாளுக்கு அடித்தான், தைப்பொங்கலுக்கு அடித்தான், சும்மாவும் அடித்தான். மேசையில் கிடந்து அடித்து ஓய்ந்த போனை எடுக்காமல் சோறு சாப்பிட்டவர் யார் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஆரைக் கொண்டு பிறந்தவன் எண்டு கேட்டியளே," என்றாள் செல்வராணி. "இப்ப விளங்குதோ?"

இராஜசிங்கத்தின் தோள் குலுங்கத் தொடங்கியது. "ஐயோ என்ர ராசா," என்று ஒரு சத்தம் வந்தது. அந்த வீட்டுச் சுவர்கள் இதுவரை கேட்காத சத்தம். கிளாஸைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையில் பிடித்தபடி நின்று அழுதார். "பச்சைப்புளியைக் குடிச்சிட்டுப் போக விட்டிட்டனே அவனை."

ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. போகப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் புளியில மிச்சம் இருக்கோ, பிள்ளை?"

இரண்டு வருஷமாக 'அந்த வேதக்காரப் பெட்டை' என்று சொன்ன வாய்.

"இருக்கு அங்கிள்."

"தம்பி, என்ன செய்யப்போறாய்?" மாமி பதறினாள். "படையல் முடிஞ்சுது. கதவு திறந்தாச்சு. திருப்பி வைக்கேலாது."

அவர் காதில் விழவில்லை. மகன் கரைத்த புளியைச் சின்னச் சட்டியில் ஊற்றி, ஒரு கிள்ளு உப்பைப் போட்டு அடுப்பில் வைத்தார். ஓரம் நுரைத்து ஒரு கொதி வந்ததும் இறக்கினார். பல்கனிக் கதவைத் திறந்து, சட்டியைக் குளிருக்குள் பிடித்துக்கொண்டு ஆறும்வரை நின்றார். உள்ளே கொண்டுவந்து எலேனாவிடம் கொடுத்தார். அவள் கலந்தாள், குலுக்கினாள், வார்த்தாள். இந்த முறை வேணுகா காதைப் பொத்தவில்லை.

இராஜசிங்கம் தேக்கரண்டி ஒன்றை எடுத்தார்.

"தம்பி, எச்சில்! அவனுக்கு வைக்கிறதை..."

"அக்கா," என்றார். கோபம் இல்லை. "பல்லு முளைக்காத வயசில நான் மெண்டு குடுத்த இறைச்சியைத் திண்டவன் அவன். என்ர எச்சில் அவனுக்குத் தீட்டோ?"

மாமி சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

அவர் கரண்டியை வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இப்ப சரி," என்றார்.

முப்பத்துமூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைச் செல்வராணி கேட்டது அதுதான் முதல் தரம். அவள் அடுப்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எலேனா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

இராஜசிங்கம் அறைக்குப் போனார். விஸ்கிப் போத்திலை எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கிளாஸை வைத்தார். "குடி, ராசா," என்றார். கதவைத் தானே சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

ஷேக்கரில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "உம்மை ஆர் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது?"

எலேனா தயங்கினாள். "அப்பா. கீழ காருக்குள்ள இருக்கிறார்."

"இந்தக் குளிருக்கையோ? மேல வரச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான் அங்கிள். ஒருக்கா இந்த வாசலுக்கு வந்தது காணும் எண்டவர்."

இராஜசிங்கம் தலையைக் குனிந்தார். பிறகு ஒரு சுத்தமான கிளாஸை எடுத்து மிச்சத்தை வார்த்தார். கோட்டும் போடவில்லை, சப்பாத்தும் போடவில்லை. வீட்டுச் செருப்போடு லிப்டுக்குள் போனார்.

செல்வராணியும் எலேனாவும் பல்கனிக்கு ஓடினார்கள். கீழே பனிமூட்டத்துக்குள் நோபேட்டின் கார் மங்கலாகத் தெரிந்தது. இராஜசிங்கம் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு நடந்துபோய்க் கார்க்கண்ணாடியில் மெல்லத் தட்டினார்.

கார் லைட் எரிந்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. கண்ணாடி இறங்கவில்லை.

இராஜசிங்கம் கிளாஸோடு அங்கேயே நின்றார்.